நிறம்: மாநிறம்

மினியாபோலிஸ்
2025 பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் அம்மா வந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அப்புறம் பேச்சு பாப்பா சாப்பிட்டாளா, இருமல் நின்றதா என்று போய்விடும். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. அம்மாவிடம் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பதைப் படித்து முடித்தபின் நீயே பார்த்துக்கொள்.

எல்லோரும் சுகம். இந்த வாரம் காலையில் மைனஸ் 20க்கும் கீழே போய்விட்டது. வாசலைத் தாண்டினால் மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைந்து முள் மாதிரி குத்தும். பாப்பாவுக்குக் கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ் என்று மாட்டி முடிக்கவே கால் மணி நேரம் ஆகிறது. கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. எனக்கு நூலகத்தில் பகுதி நேர வேலை தொடர்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் நிறத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னது இது இரண்டாவது முறை. முதல் முறை எழுதியது அப்பா. தரகருக்குக் கொடுத்த குறிப்பில் ‘நிறம்: மாநிறம்’ என்று எழுதினார். நீ பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். மாநிறம் என்றால் கருப்பு என்று தரகருக்கும் தெரியும், மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும்.

இரண்டாவது முறை எழுதியது நான்தான், போன வாரம். இங்கே எழுத்தாளர்களுக்கான ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது ‘ரைட்டர்ஸ் ஆஃப் கலர்’களுக்கு மட்டும். நேராகத் தமிழில் சொன்னால் வண்ண எழுத்தாளர்கள். எனக்கு உடனே நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏணி போட்டு ஏறிக் கடைக்குப் போர்டு எழுதுவாரே, அவர் நினைவுதான் வந்தது. இவர்கள் கணக்கில் வெள்ளையர் அல்லாத எல்லோரும் அதில் அடக்கம். என்னோடு நூலகத்தில் வேலை பார்க்கும் சோமாலியப் பெண்ணும், பக்கத்து ஊரான செயின்ட் பாலில் இருக்கிற மோங் ஆட்களும், நானும் ஒரே கட்டத்துக்குள் வருகிறோம். மோங் மக்கள் லாவோஸ் மலைகளிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள். கோவில்பட்டியில் யாருக்கும் தப்பி ஓடாமல், விமானத்தில் கடலை மிட்டாய் கட்டிக்கொண்டு வந்தவள் நான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

ஃபெலோஷிப் என்றால் உட்கார்ந்து எழுதப் பணம் கொடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பணம் உண்டு, அதற்கு வருமான வரியும் உண்டு. ஆனால் முக்கியமானது தொழில் கற்றுக்கொடுப்பது. நம் ஊரில் எழுதினால் பத்திரிகைக்கு அனுப்புவோம், வந்தால் வரும். புத்தகம் என்றால் பதிப்பகத்துக்கே கையெழுத்துப் பிரதியோடு போய் நிற்கலாம். இங்கே பெரிய பதிப்பகங்கள் ஏஜென்ட் மூலம் வராத எதையும் பொதுவாகப் படிப்பதே இல்லை. நமக்கு வருகிற பணத்தில் ஏஜென்ட்டுக்கு 15 சதவீதம். அந்த ஏஜென்ட்டைப் பிடிக்க ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும், அதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், மொழிபெயர்ப்பு உரிமையை யாரிடம் விட வேண்டும் என்பதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தேறிவிட முடியாது. கல்லூரியில் கூடப் படித்தவர்களும், விருந்துகளில் சந்திக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற விஷயங்கள். நம்மை மாதிரி ஆட்கள் அந்த விருந்தில் இருப்பதில்லை. அதனால்தான் தனியாக ஒரு வாசல் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த வாசல்களுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1996இல் டோய் டெரிகாட், கார்னீலியஸ் ஈடி என்ற இரண்டு கவிஞர்கள் கருப்பினக் கவிஞர்களுக்காக ‘கேவ் கேனம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வகுப்பில் தான் ஒருத்தர் மட்டும் வேற்று ஆளாக உட்கார்ந்திருக்காமல், எல்லோரும் நம்மவராக இருக்கிற ஓர் இடம். 2004இல் ஆசிய அமெரிக்கர்களுக்கு அதே போல் ஒன்று வந்தது. அதன் பெயர் குண்டிமான். சிரிக்காதே அக்கா! பிலிப்பைன்ஸில் ஒரு வகைக் காதல் பாட்டுக்கு அந்தப் பெயர். அடிமைப்பட்டிருந்த காலத்தில் காதலியைப் பாடுகிற மாதிரி நாட்டைப் பாடுவார்களாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தப் பெயரை என்னால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

நான் போட்டது இந்த ஊர் அளவில் இருக்கிற சின்ன ஃபெலோஷிப். இந்த ஊர் புத்தகத்துக்குப் பேர்போன ஊர். கிரேவுல்ஃப், மில்க்வீட், காஃபி ஹவுஸ் என்று லாப நோக்கில்லாத மூன்று பதிப்பகங்கள் இங்கேதான் இருக்கின்றன. 2008இல் மினசோட்டா ஜனங்களே ஓட்டுப் போட்டு விற்பனை வரியை 0.375 சதவீதம் ஏற்றிக்கொண்டார்கள், 25 வருஷத்துக்கு. பெரும்பகுதி தண்ணீருக்கும் காட்டுக்கும் போகிறது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கலைக்கும் பண்பாட்டுக்கும். வரியை ஏற்றச் சொல்லி ஜனங்களே ஓட்டுப் போட்டார்கள் என்றதும் மாமா நம்பவில்லை என்று சொன்னாயே, நிஜம்தான்.

பல மானியங்களுக்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கிறார்கள். இதற்கு இந்த மாநிலத்தில் குடியிருந்தால் போதும். நான் அவருடைய வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கிற ஹெச்-4 விசாவில் இருந்தாலும் வேலை அனுமதி அட்டை இருக்கிறது. என்னை மாதிரி ஆட்களை வேலை பார்க்க விடுகிற விதி 2015இல் வந்திருக்காவிட்டால் நூலக வேலையும் கிடையாது, இதுவும் கிடையாது.

விண்ணப்பத்தில் பத்துப் பக்கக் கதை, ஒரு பக்கம் தன்னைப் பற்றி. கதையைத் தமிழில் எழுதி நானே ஆங்கிலத்தில் மாற்றினேன். கஷ்டம் தன்னைப் பற்றி எழுதுவதில்தான். ‘ஏதோ எனக்குத் தெரிந்ததை எழுதி வருகிறேன், பிழைகள் இருக்கலாம்’ என்று ஆரம்பித்தேன். சோமாலியத் தோழி படித்துவிட்டு, “உனக்கு இது வேண்டாம் என்று சொல்வதற்காகவா விண்ணப்பிக்கிறாய்?” என்று கேட்டாள். நீ நல்லாசிரியர் விருதுக்குப் போடாமல் விட்டாயே, நம்மைப் பற்றி நாமே எழுதுவதா, கூச்சமாக இருக்கிறது என்று. உன்னை அப்போது எவ்வளவு திட்டினேன்! இப்போது அந்தக் கூச்சம் என் விரலிலும் இருக்கிறது. நான்கு முறை திருத்திய பிறகுதான் ‘நான் எழுத்தாளர்’ என்று ஒரு வாக்கியம் நின்றது.

அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். ‘நீங்களும் உங்கள் சமூகமும் சந்தித்த தடைகள் என்ன?’ என்று இருந்தது. மளமளவென்று எழுதினேன். என் ஆங்கிலத்தை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்வது, கடையில் பின்னாலேயே ஒருவர் வருவது, படிப்புக்கு ஏற்ற வேலை இல்லாதது. எல்லாம் உண்மை. படித்துப் பார்த்தால் ஏதோ காலங்காலமாக மிதிபட்ட வம்சத்திலிருந்து வந்தவள் எழுதின மாதிரி இருந்தது. நம் வீட்டை நினைத்தேன். நம் தொழுவத்தை நினைத்தேன்.

தொழுவம் கூட்டிச் சாணி அள்ள வருவாரே, அவரைப் பற்றித்தான் என் கதை. இங்கே முதலில் ‘வருவாளே’ என்றுதான் எழுதினேன், அடித்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதுகிறேன். அம்மாவை விட மூத்தவர். நாம் இரண்டு பேரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம், ‘ஏ, இங்க வா’ என்று. அவர் ஏழு வயதுப் பிள்ளையான என்னை ‘வாங்க பாப்பா’ என்பார். அவருக்குத் தனித் தம்ளர். காபியை உயரத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். ஒரு நாள் அம்மாவுக்குக் கை வேலையாக இருந்ததால் நான் ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை, தம்ளரிலும் படவில்லை. ஆச்சி என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு என்ன பக்குவம் என்று மெச்சினாள். அன்றைக்கு முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதை அந்தப் பெருமையைப் பற்றித்தான்.

ஆங்கிலத்தில் மாற்றும்போது பார்த்தால் அவமானமே காணாமல் போய்விட்டது! ‘வா’வும் ‘யூ’தான், ‘வாங்க’வும் ‘யூ’தான். ஒரு கிழவியும் ஒரு குழந்தையும் சமமாகப் பேசிக்கொள்கிற மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் குழந்தை அவரை வெறும் பெயரால் கூப்பிடுவது போலவும், அவர் குழந்தையை ஒவ்வொரு முறையும் ‘மிஸ்’ போட்டுக் கூப்பிடுவது போலவும் வைத்தேன். முழுசாகச் சரியில்லை, இருந்தாலும் படிக்கும்போது உறுத்துகிறது. கதையில் அவர் பெயரை மாற்றிவிட்டேன்.

தடைகள் பற்றிய பத்தியையும் அழித்துவிட்டு வேறு எழுதினேன். இந்த ஊரில் நான் வெள்ளை இல்லை, என் ஊரில் நான் காபி ஊற்றிய பக்கத்தில் நின்றவள், இரண்டையும் சேர்த்துத்தான் எழுத முடியும் என்று. தேர்வுக்குழுவுக்கு இது புரியுமா, பாதகமாகுமா, தெரியாது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் நகரம். அந்த வருஷமே கலிஃபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றிய அதே மாதிரி மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சமயத்தில் இங்கே ஒருவர் வீட்டு விருந்தில், “இங்க ஏது சாதி? வீணா நம்ம பேரைக் கெடுக்குறாங்க” என்றார் ஒரு பெரியவர். நான் சாம்பார் பரிமாறிக்கொண்டே தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து தினமும் கணினியைத் திறந்து பார்க்கிறேன். விண்ணப்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘ரிசீவ்ட்’ என்று இருக்கும். யாராவது படிக்க ஆரம்பித்தால் அது ‘இன் ப்ராக்ரஸ்’ என்று மாறுமாம். முடிவு மே மாதம். அதற்குள் இந்த மாதிரித் திட்டங்களே இருக்குமா என்ற பேச்சும் இருக்கிறது. அரசாங்கம் மாறியிருக்கிறது. வாய்ப்புக் குறைந்த சமூகங்களுக்காகத் தேசியக் கலை நிதியம் கொடுத்துவந்த ‘சேலஞ்ச் அமெரிக்கா’ மானியத்தை 2026க்கு நிறுத்திவிட்டதாக இந்த மாதம்தான் அறிவித்தார்கள். ‘கலர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போடலாமா என்று ஆங்காங்கே யோசிக்கிறார்களாம். அப்பாவிடம் கேட்டால் ‘மாநிறம்’ என்று போடச் சொல்லியிருப்பார்.

கிடைத்தால் கதையை மேடையில் வாசிக்க வேண்டும், அச்சிலும் வரும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். நம் வீட்டை எழுதியிருக்கிறேன், அம்மாவையும் ஆச்சியையும் எழுதியிருக்கிறேன். உனக்கு வேண்டாம் என்று பட்டால் சொல், சண்டை போடுவேன், ஆனால் சொல்.

தொழுவத்துக்கு வந்தவரின் மகள் கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறார் என்று போன வருஷம் சொன்னாய். அவர் அம்மா இன்னும் இருக்கிறாரா? இருந்தால் நீ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இப்படி ஒரு கதை எழுதியிருக்கிறாள், அச்சில் வரலாமா என்று அவரிடமும் கேள். அவர் வேண்டாம் என்றால் சண்டைக்கே இடமில்லை, நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அந்தத் தம்ளரை எங்கே வைப்பார்? நான் தொழுவத்துக் கூரையில் சொருகி வைப்பதாக எழுதியிருக்கிறேன். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது வேப்பமரத்துக் கவட்டையில் பார்த்த மாதிரியும் இருக்கிறது. உனக்கு நினைவிருந்தாலும் நீ சொல்லாதே. அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
தங்கச்சி