மருந்து வந்துவிட்டது, நோயாளர் வாட்டுக்குத்தான் வரவில்லை: ஒரு நன்கொடை வேண்டுகோள்

ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கும் அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

நன்கொடையாக வரும் மருந்தை வடக்கின் வைத்தியசாலைகளுக்குச் சேர்ப்பிக்கும் குழு நாங்கள். இந்த முறை மருந்து கேட்டு எழுதவில்லை. வந்து சேர்ந்த மருந்தைக் கொழும்பிலிருந்து வடக்கின் வைத்தியசாலைகள் வரை கொண்டுபோய்க் கொடுக்கும் செலவுக்குப் பணம் கேட்டு எழுதுகிறோம். கடிதம், படிவம், களஞ்சியக் கட்டணம், குளிர்ப்பெட்டி, லொறி வாடகை, இவற்றையெல்லாம் தினமும் பின்தொடர ஒரு ஆள். இப்படியான செலவுக்குக் காசு கேட்டால் யார் தருவார்கள் என்று குழுவுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தால் அதில் அம்மா அப்பாவின் நினைவாகப் பெயர் பொறிக்கலாம், களஞ்சியக் கட்டணத்துக்கு அப்படி ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் இன்று வைத்தியசாலைகளுக்கு அதிகம் உதவக்கூடியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறோம். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இலங்கையில் பாவிக்கும் மருந்துகளில் 80 வீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருபவை. டொலர் இல்லாமல் போனதும் மருந்தும் இல்லாமல் போனது. மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்து போதாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்தியது. கிளினிக்குக்குப் போனவர்களிடம் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டோடு பார்மசி பார்மசியாக அலைந்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள்.

உறவுகள் கை கொடுத்தார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் பெட்டி பெட்டியாகச் சேர்த்தார்கள். தமிழ்நாடும் கொடுத்தது. ஆனால் அங்கேயும் மனம் மட்டும் போதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மாநில அரசு இன்னொரு நாட்டுக்கு நேரடியாக உதவி அனுப்ப முடியாது. இந்திய ஒன்றிய அரசு அனுமதி தர வேண்டும் என்று 2022 ஏப்ரல் 29ஆம் திகதி தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்துகளோடு முதல் கப்பல் மே 18ஆம் திகதிதான் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஒரு மாநிலத்தின் முதலமைச்சரே கேட்டும் கிட்டத்தட்ட மூன்று கிழமை எடுத்த காரியம் அது. சாதாரண ஒரு ஊர்ச் சங்கம் கேட்டால் எவ்வளவு காலம் எடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நன்கொடையாக வரும் மருந்து எந்தெந்த வாசல்களைத் தாண்ட வேண்டும் என்பதைத் தருபவர்கள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெறப்போகும் வைத்தியசாலை, இந்தப் பொருள் இந்த அளவில் எங்களுக்குத் தேவை என்று முதலில் எழுதித் தர வேண்டும். அடுத்தது சுகாதார அமைச்சின் சம்மதம். இலங்கையில் பதிவு செய்யப்படாத மருந்து என்றால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பதிவு விலக்குக் கொடுக்க வேண்டும். சுங்கத்துக்குப் பொதிப் பட்டியலும் கப்பல் அல்லது விமானப் பொதிச் சீட்டும் வேண்டும். விலைப்பட்டியலும் வேண்டும். இலவசமாக வரும் பொருளுக்கும் பெறுமதி எழுதத்தான் வேண்டும். வரி விலக்கு என்பது தனிக் கதை. ஒவ்வொரு பெட்டியிலும் என்ன மருந்து, எத்தனை, தொகுதி இலக்கம் என்ன, காலாவதித் திகதி என்ன என்று வரி வரியாக இருக்க வேண்டும். ‘மருத்துவப் பொருட்கள், பலவகை’ என்று எழுதி அனுப்பினால் அந்தப் பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

வைத்தியசாலைகளும் ஒரே குடையின் கீழ் இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நேரடியாக மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. கிராமங்களில் இருக்கும் பிரதேச வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ். ஒரே கொள்கலனில் இரண்டுக்கும் பொருள் இருந்தால் கடிதங்களும் இரண்டு வழியாக ஓடும். ஒன்று முடிந்து மற்றது முடியாவிட்டால் இரண்டுமே காத்திருக்கும்.

எங்கள் குழுவூடாக வந்த ஒரு தொகுதிக்கு நடந்ததைச் சொல்கிறோம். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டோம், அதில் ஒரு பயனும் இல்லை. நீரிழிவு நோயாளருக்கான இரத்தச் சீனிப் பரிசோதனைப் பட்டிகள், நாளத்தில் மருந்து ஏற்றப் பொருத்தும் கனியூலாக்கள், காயத்துக்குக் கட்டும் துணிகள், இவைதான் அதில் இருந்தவை. வைத்தியசாலை கேட்ட பொருட்கள், கடிதமும் இருந்தது. ஆனால் கையொப்பமிட வேண்டிய அதிகாரி இடமாற்றம் ஆகிவிட்டார். பதில் கடமைக்கு வந்தவர், கோப்பு மேலிடத்துக்குப் போய் வரட்டும் என்றார். மேலிடம் ஒரு விளக்கம் கேட்டது. அந்த விளக்கத்தைத் தர வேண்டியவர்கள் நாங்கள், ஆனால் கேட்ட கடிதமே எங்களுக்கு வந்து சேரவில்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் ‘கோப்பு மேசையில் இருக்கிறது’ என்றார்கள். இதற்கிடையில் களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது.

பரிசோதனைப் பட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றை 30 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிற்கும் கொள்கலனுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. கடைசியில் பொருட்கள் வந்தன. கனியூலாக்களும் துணிகளும் வாட்டுக்குப் போயின. பட்டிகளைத் தாதியர் பாவிக்கவில்லை. பிழையான அளவைக் காட்டும் பட்டியை நம்பி இன்சுலின் ஏற்ற முடியாது, அவர்கள் செய்தது சரி. கொடுத்தவர்களில் ஒருவர் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. அவருக்கு எப்படி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, இந்த விதிகளையெல்லாம் தூக்கி எறியச் சொல்கிறோமா என்றால், இல்லவே இல்லை. விதிகளுக்குக் காரணம் இருக்கிறது. 1988இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது 5,000 தொன் மருந்தும் மருத்துவப் பொருளும் குவிந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கவே 50 பேருக்கு 6 மாதம் எடுத்தது. உடனே பாவிக்கக் கூடியதாக இருந்தது 30 வீதம்தான். பொஸ்னியாவில் போர் நடந்த ஆண்டுகளில் வந்து, எதற்கும் உதவாமல் தேங்கிய மருந்து சுமார் 17,000 தொன் என்று கணித்தார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கும் அப்படித்தான், அந்த மக்கள் வாசிக்க முடியாத மொழிகளில் பெயர் எழுதிய மருந்துகள் மலையாகக் குவிந்தன. கஷ்டப்படும் ஊருக்கு, பிழையான மருந்தைக் கட்டிக் காத்து எரிக்கும் செலவும் சேர்ந்துகொண்டது.

இவற்றையெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்து நன்கொடைக்கு வழிகாட்டி வெளியிட்டது. கேட்காததைக் கொடுக்கக் கூடாது. தன் நாட்டில் ஏற்கப்படாத தரத்தில் இருப்பதை இன்னொரு நாட்டுக்கு அனுப்பக் கூடாது. வந்து சேரும்போது பொதுவாக ஒரு வருடமாவது காலாவதிக்கு மீதி இருக்க வேண்டும். நோயாளர் திருப்பிக் கொடுத்த மிச்ச மருந்து கூடவே கூடாது. எங்கள் நாட்டிலும் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்து அரசு வைத்தியசாலைகளுக்குள் போன விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகு கையொப்பமிடும் எந்த அதிகாரியும் இரண்டு தரம் யோசிப்பார். யோசிக்கட்டும், அது நோயாளருக்கு நல்லது. எங்கள் கவலை வேறு. பரிசோதிப்பதற்கு எடுக்கும் நேரத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. யாருமே பார்க்காமல் கோப்பு கிடக்கும் நேரம்தான் மருந்தைக் கெடுக்கிறது. அந்த நேரத்தைக் குறைக்க எங்களால் முடியும். அதற்குத்தான் இந்த நிதி.

முதல் தேவை ஒரு ஆள். மருந்தாளர் படிப்புப் படித்த, கொழும்பில் இருக்கக் கூடிய, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவரை முழுநேரமாக ஒரு வருடத்துக்கு வைத்திருக்க விரும்புகிறோம். பொதி புறப்படுவதற்கு முன்பே பட்டியலைச் சரிபார்ப்பதும், வைத்தியசாலையின் கடிதத்தை வாங்குவதும், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பதும் அவருடைய வேலை. இதுவரை இந்த வேலையைக் குழு உறுப்பினர்கள் லீவு போட்டு, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் செய்தோம். காலையில் போய் நின்றால் ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டியவர் எப்படி நிற்பது?

அப்புறம் கட்டணங்கள். பொதி தாமதமானால் உடனே கட்டி எடுக்கக் கையில் காசு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு சேர்க்கும் நாட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறும். இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 பாகைக்குள் கொண்டுவர வெப்பமானி பொருத்திய குளிர்ப்பெட்டிகள் வேண்டும். கொழும்பிலிருந்து வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் வரை லொறி வாடகை வேண்டும். மிச்சம் வரும் பணத்தில், வைத்தியசாலை அவசரமாகக் கேட்கும் பதிவு செய்யப்பட்ட மருந்தை உள்ளூரிலேயே வாங்கிக் கொடுப்போம். அதற்குச் சுங்கமும் இல்லை, கப்பலும் இல்லை. உண்மையில் பல பொருட்களுக்கு இதுவே நல்ல வழி.

மாதம் 1,000 ரூபா தரக்கூடிய 300 பேரைத் தேடுகிறோம். ஒரு வருடத்துக்கு மட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வருடத் தொகையை ஒரே தடவையில் தந்தால் அனுப்பும் கட்டணம் மிச்சமாகும். ஊரில் இருப்பவர்கள் 100 ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டுத் தருவோம். வங்கியிலிருந்து பணம் எடுக்க இரண்டு கையொப்பம் வேண்டும், ஒன்று பொருளாளருடையது, மற்றது குழுவில் இல்லாத ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவருடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவையும், எந்தப் பொதி எங்கே நின்றது, ஏன் நின்றது, எப்போது வாட்டுக்குப் போனது என்ற விபரத்தையும் தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்புவோம். அலுவலகங்களுக்கும் அதே அறிக்கையின் பிரதி போகும். யாருக்கும் கையூட்டுக் கொடுக்க இந்த நிதியிலிருந்து ஒரு சதமும் போகாது. அதனால் ஒரு பொதி தாமதமானால் தாமதமாகட்டும்.

இப்போது பொருள் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கப்பலில் இடம் பதிவு செய்ய வேண்டாம். முதலில் பட்டியலை அனுப்புங்கள். மருந்தின் வணிகப் பெயரோடு பொதுப் பெயரையும் எழுதுங்கள். காலாவதித் திகதி தெரியும்படி பெட்டியைப் படம் எடுங்கள். கனடாவிலிருந்து இயந்திரங்கள் அனுப்ப நினைப்பவர்கள் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பொருந்தாத இயந்திரம் வைத்தியசாலைக்கு உதவி அல்ல, அறையை அடைக்கும் பொருள். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப வேண்டாம். அன்போடு தருவீர்கள் என்று தெரியும், எங்களால் ஏற்க முடியாது.

சுங்கத்திலோ சுகாதாரத் துறையிலோ வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் இதை வாசித்தால், பணத்தை விட உங்கள் அனுபவம் எங்களுக்குப் பெரிது. மாதத்தில் ஒரு நாள் எங்கள் பட்டியல்களைப் பார்த்துத் திருத்தித் தந்தாலே போதும்.

பணம் தர விரும்புபவர்கள் உங்கள் ஊர்ச் சங்கத்தின் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். வங்கி விபரத்தையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் எல்லாச் சங்கங்களுக்கும் கொடுத்திருக்கிறோம். 300 பேர் சேர்ந்ததும் ஆள் எடுக்கும் விளம்பரம் போடுவோம். அதற்குத் தகுதியான பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

நன்றியுடன்,
செயற்குழுவினர்