பேரிங் தேய்ந்தால் மெஷினையே தூக்கிப் போட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கழிவு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய பொருட்களைக் கண்ட இடத்தில் போடாமல் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நல்ல வேண்டுகோள்தான். ஆனால் வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த மெஷின் ஏன் அங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

முன்பக்கம் கதவு வைத்த மெஷின்களில் சில வருடங்கள் ஓடிய பிறகு வழக்கமாக வரும் கோளாறு, துணி சுழலும் டிரம்மைத் தாங்கும் பேரிங் போவது. டிரம்மின் தண்டு, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித் தொட்டியான டப்பைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் கசிந்து பேரிங்கில் உள்ள கிரீஸைக் கரைத்துவிடும். அப்புறம் துரு பிடிக்கும். ஸ்பின் ஓடும்போது விமானம் கிளம்புவது போலச் சத்தம் வரும். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் டப்பின் நடுவிலிருந்து பழுப்பு நிறக் கோடு ஒன்று கீழே வழிந்திருக்கும். பெரும்பாலும் மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும். மோட்டார் ஓடும், போர்டு வேலை செய்யும், பம்ப் தண்ணீரை இறைக்கும். வேண்டியது இரண்டு பேரிங், ஒரு சீல், அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து ஒரு கைக்குள் அடங்கும் சாமான்.

முன்பு வந்த மெஷின்களில் டப் இரண்டு பாதியாக இருக்கும். சுற்றிலும் ஸ்க்ரூ, நடுவே ஒரு ரப்பர் வளையம். ஸ்க்ரூவைக் கழற்றினால் டப் திறந்துவிடும். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதியதை இறக்கி மூடிவிடலாம். இப்போது பல மாடல்களில் அந்த இரண்டு பாதியையும் தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். திறக்க வழியே இல்லை. முழு டப் செட்டையும் மாற்றுங்கள் என்கிறார்கள். அதன் விலையோடு கூலியையும் சேர்த்துச் சொன்னால், “இதுக்குப் புதுசே வாங்கிடலாமே அண்ணே” என்றுதான் வாடிக்கையாளர் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

எங்கள் தொழிலில் சிலர் ஒட்டிய டப்பை ரம்பத்தால் அறுத்துத் திறந்து, பேரிங் மாற்றி, சுற்றிலும் துளை போட்டு போல்ட் முடுக்கி, சிலிக்கான் பசை பூசி மூடுகிறோம். நானும் செய்வதுண்டு. நாள் முழுவதையும் தின்கிற வேலை. கசியாது என்று உத்தரவாதமும் தர முடியாது. ஒட்டிய டப் கசியாது, செய்வதற்கும் சுலபம் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். ஆனால் ஸ்க்ரூ போட்ட டப்புகளும் வருடக்கணக்கில் கசியாமல் ஓடியிருக்கின்றன. தொழிற்சாலையில் மிச்சமாகிற செலவு, வாங்கியவர் தலையிலும் குப்பை அள்ளுபவர் தலையிலும் விழுகிறது.

ஒரு பொருள் கழிவான பிறகும் அதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற கொள்கையை 1990-இல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். பிறகு பல நாடுகளில் அது சட்டமானது. பழைய பொருளைத் திரும்பப் பெறும் செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தால், தயாரிப்பாளர் ஆரம்பத்திலேயே நீடித்து உழைக்கிற, எளிதில் பிரிக்கக்கூடிய பொருளாகச் செய்வார் என்பதுதான் அதன் நோக்கம். நடைமுறையில் பெரும்பாலும் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஒரு அமைப்புக்குக் கட்டணம் கட்டுகின்றன. கணக்கு எடையில் ஓடுகிறது: எத்தனை டன் விற்றோம், எத்தனை டன் சேகரித்தோம். ஸ்க்ரூ போட்ட டப்புக்கும் ஒட்டிய டப்புக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசம் கிடையாது. நொறுக்கப்பட்ட மெஷின் சாதனைப் பட்டியலில் ஏறுகிறது. பேரிங் மாற்றி இன்னும் சில வருடங்கள் ஓடப்போகிற மெஷினுக்கு அதில் இடமே இல்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

மறுசுழற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 95 சதவீதம் மிச்சமாகும். அது பெரிய லாபம். ஆனால் ஐ.நா.வின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. அப்படிச் சேகரித்த மெஷினை நொறுக்கினாலும் இரும்பும் செம்பும் வரும், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் வராது. அந்த மோட்டாரை முழுசாகக் கழற்றி இன்னொரு மெஷினில் போட்டிருக்கலாம். பல சேகரிப்பு மையங்களில் உள்ளே போன மெஷினிலிருந்து ஒரு பாகத்தைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. எங்களைப் போன்றவர்களை உள்ளே விட்டு, நல்ல பாகங்களைப் பரிசோதித்து எடுக்க அனுமதித்தால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு வாஷிங் மெஷின் உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். பாகங்களின் பட்டியலில் பேரிங்கும் உண்டு. ஆனால் அதை டிரம்மோடு சேர்த்தே விற்கவும் அந்த விதி இடம் கொடுக்கிறது. இந்தச் சின்ன விலக்கு போதும், நான் மேலே சொன்ன அதே கதைதான் நடக்கும். பிரான்ஸ் செய்ததை இன்னும் நல்ல வழி என்பேன். அதே 2021-இல் அங்கே சில வகைப் பொருட்களுக்கு, பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று 10-க்கு மதிப்பெண் போட்டு விற்கும் இடத்திலேயே காட்டச் சொன்னார்கள். வாங்கும்போதே தெரிந்துவிடும். தயாரிப்பாளர் கட்டும் கட்டணத்தையும் இப்படியொரு மதிப்பெண்ணோடு இணைத்துவிட்டால், ஸ்க்ரூ தானாகத் திரும்பி வரும் என்பது என் நம்பிக்கை.

சர்வீஸ் மேனுவலையும் எரர் கோடு விவரங்களையும் பூட்டி வைப்பது பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். இப்போதைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். மின்கழிவு பற்றி அடுத்து எழுதும்போது வாசகர்களுக்கு அறிவுரை சொல்வதோடு நிறுத்தாமல், தயாரிப்பு நிறுவனங்களிடமும் கேளுங்கள். இப்போது நீங்கள் விற்கும் மாடல்களில் எதெதில் டப்பைத் திறக்க முடியும், பேரிங் தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருடங்களுக்குக் கிடைக்கும்? அவர்கள் தரும் பதிலை மாடல் வாரியாக அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவர்