கையில் என்ன வாட்ச்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயிலில் இப்போதெல்லாம் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று மதுரை வாசகர் ஒருவர் சென்ற வாரம் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பக்கத்து சீட்டுப் பையனிடம் "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டாராம். அவன் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டானாம். படித்ததும் எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. கேள்வி சரியில்லை என்றுதான் பட்டது.

"எந்த ஊர்?" என்பது நம் ஊரில் முதல் கேள்விதான், ஆனால் அது அதோடு நிற்பதில்லை. அந்த ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, நம்ம இன்னார் உங்களுக்குச் சொந்தமா என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். இன்றைய பிள்ளைகள் முதல் படியிலேயே கதவைச் சாத்துகிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. நான் வேறொரு கேள்வியை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாகப் பிழைக்கிறேன்: "கையில் என்ன வாட்ச்?"

நான் ரயில்வேயில் கார்டாக இருந்து 2018-ல் ஓய்வு பெற்றவன். எங்கள் பதவிக்கு 2022-ல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். நான் கார்டாகவே போய்ச் சேருகிறேன். எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு விதி உண்டு. வண்டியைக் கிளப்பும் முன் கார்டு தன் வாட்சை நிலையக் கடிகாரத்தோடு சரி பார்க்க வேண்டும், அந்த நேரத்தை டிரைவரிடம் சொல்ல வேண்டும், டிரைவர் தன் வாட்சை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ள வேண்டும். நிலையங்களுக்கு நேரம் எங்கிருந்து வரும் என்றால், நாள்தோறும் 16.00 மணிக்கு எல்லா முக்கிய நிலையங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்று அதற்கும் விதி இருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒருவர் வண்டியின் தலையில், ஒருவர் வாலில், நடுவில் நாற்பது ஐம்பது வேகன். அவர்களுக்குள் முதல் பேச்சே வாட்சைப் பற்றித்தான். இருவர் மணிக்கட்டும் பக்கத்தில் பக்கத்தில் நீளும். அப்போது கண் சும்மா இருக்குமா? "என்ன சார், புதுசா இருக்கே" என்று ஆரம்பிக்கும்.

கூட்ஸ் வண்டியில் போன வருஷங்களில் அந்த இரண்டு நிமிடம்தான் அன்றைக்கு மனிதரோடு பேசிய பேச்சாக இருக்கும். வண்டியின் கடைசியில் கார்டு உட்காரும் பெட்டியான பிரேக் வேனில் அப்போது விளக்கும் கிடையாது, ஃபேனும் கிடையாது. விருத்தாசலம் பக்கம் வேறு வண்டிக்கு வழிவிட லூப் லைன் என்கிற பக்கத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் தவளைச் சத்தம்தான் துணை. கையில் 1981-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த எச்.எம்.டி. ஜனதா. உள்ளே தேய்மானத்தைத் தடுக்கும் 17 ஜுவல் கற்கள், தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். டயலில் 'ஜனதா' என்று இந்தியில் எழுதியிருக்கும். ரயில்வேயில் சேரும்போது எனக்குப் படிக்கத் தெரிந்த இந்திச் சொல் அது ஒன்றுதான். இருட்டில் முள் தெரியாவிட்டால் காதில் வைத்துக் கேட்பேன். வினாடிக்கு ஐந்து தட்டு, மணிக்கு 18,000. அப்படியெல்லாம் கிடந்தவனுக்கு மனிதரைக் கண்டால் பேச்சுக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வாட்சில் பெயரைப் படிக்க முடியாவிட்டாலும் வினாடி முள்ளைப் பாருங்கள். ஒவ்வொரு வினாடிக்கும் தத்தித் தத்திப் போனால் அநேகமாக செல் வாட்ச். வழுக்கிக்கொண்டு போனால் சாவி கொடுப்பதோ, கை அசைவில் ஓடும் ஆட்டோமேட்டிக்கோ, அதாவது இந்த ஆள் இந்த வாட்சை வேண்டுமென்றே கட்டியிருக்கிறார். அவர்களிடம் கேட்டால் பேசாமல் இருக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் ஒருவர்கூட இருந்ததில்லை.

சென்ற வருஷம் சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும்போது விழுப்புரத்தில் ஒருவர் ஏறினார். என் வயதுதான் இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் பழைய சீகோ 5. டயலில் 3 இருக்கும் இடத்தில் உள்ள சின்ன ஜன்னலில் கிழமை அரபி எழுத்தில் இருந்தது. வளைகுடாவில் விற்ற சீகோவில் கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி இருக்கும், வேண்டியதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். "சவுதியா, துபாயா?" என்றேன். மனிதர் திடுக்கிட்டுப் போனார். "குவைத். எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

அப்புறம் விருத்தாசலம், அரியலூர் எல்லாம் எப்போது போனது என்றே தெரியவில்லை. 1990 ஆகஸ்ட் 2-ந் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்த்திருக்கிறார். சம்பளம், பெட்டி, ஊருக்கு அனுப்ப வாங்கி வைத்த டேப்ரிக்கார்டர் எல்லாம் போய்விட்டது. பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை, பிறகு அம்மான். அம்மானிலிருந்து பம்பாய்க்கு விமானம். அந்த ஆகஸ்ட் மத்தியிலிருந்து அக்டோபர் வரை 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. நாம் எண்ணாகப் படித்த அதில் ஒருவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

எல்லையில் கூடாரத்தில் கிடந்தபோது இவருக்கு ஒரே கவலை, வாட்ச் நின்றுவிடக் கூடாது என்பது. அந்த சீகோவுக்குச் சாவி கொடுக்க முடியாது; கை அசைந்தால்தான் ஓடும். வெயிலில் ஒன்றரை நாள் அசையாமல் படுத்துவிட்டால் நின்றுபோகும். நின்றால் கிழமை போய்விடும், தேதி போய்விடும். "எல்லாரும் எங்கிட்டதான் வந்து இன்னிக்கு என்ன கிழமைன்னு கேப்பாங்க. ராத்திரி முழிப்பு வந்தா கையை ஆட்டிக்கிட்டே இருப்பேன்" என்றார். ஊருக்கு வந்த பிறகும் கிழமையை ஆங்கிலத்துக்கு மாற்றவில்லை. அரபியில் அந்த ஏழு சொல்லைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாதாம். என் 'ஜனதா' கதையை நானும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்ததில் மேல் பெர்த்தில் தூங்கிய பெண்மணி எட்டிப் பார்த்து முறைத்தார்.

திருச்சியில் இறங்கியபோதுதான் அவர் பெயரைக் கேட்கவில்லை என்று நினைவு வந்தது. ஊரும் கேட்கவில்லை.

எப்போதும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தடித்த தங்க நிற வாட்ச் கட்டியிருந்தார். நாக்கில் சனி, "ஒரிஜினலா?" என்று கேட்டுவிட்டேன். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் அங்கிருந்தே என்னைக் கண்காணித்தார், நான் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் போல. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். விலையும் கேட்பதில்லை. விலை கேட்டால் பேச்சு சம்பளத்துக்குப் போய்விடும், அது தெருப் பெயர் கேட்பதற்கு ஒன்றும் குறைந்ததில்லை. அவராகக் கழற்றிக் கொடுக்காமல் கையை நீட்டுவதும் இல்லை. பெண்களிடம் நானாக ஆரம்பிப்பதில்லை, ஒரு நர்ஸ் அவராகவே என் ஜனதாவைப் பார்த்துவிட்டு, "வினாடி முள் இருக்கே, நல்ல வாட்ச். முள் இல்லாத வாட்சில் நாடி எப்படிப் பார்ப்பது?" என்றார். தன் வாட்சை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்.

இளைஞர்கள் பேச மாட்டார்கள் என்று மதுரை வாசகர் எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஜனவரியில் வைகை எக்ஸ்பிரஸில் ஒரு பையன், ஐ.டி. வேலை, மடியில் லேப்டாப், கையில் எச்.எம்.டி. பைலட். கறுப்பு டயல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது இந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். ஆனால் அந்த டயல் அளவுக்கு மேல் பளபளத்தது. பழைய வாட்சுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து இணையத்தில் விற்கிறார்கள், 'ரீ-டயல்' என்பார்கள். சொல்வதா வேண்டாமா? சொன்னால் அவன் ஆசை கெடும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்ரீரங்கம் கோபுரம் கண்ணிலிருந்து மறைகிற வரை யோசித்தேன்.

கடைசியில், "டயல் பின்னால் மாற்றியதோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியும் சார். உள்ளே மெஷின் பழசுதான், அதுக்காகத்தான் வாங்கினேன்" என்றான். லேப்டாப்பை மூடிவிட்டான்.

அப்புறம் அவன்தான் பேசினான். தாத்தாவிடம் இதே வாட்ச் இருந்ததாம். அவர் இறந்தபோது யார் எடுத்தார்கள் என்று வீட்டில் இன்னும் சண்டையாம். அதனால் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டான். நான் என் பங்குக்கு மெட்ராஸ் நேரத்தின் கதையைச் சொன்னேன். 1906-க்கு முன் இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில்தான். நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடம் கணக்குப் பார்த்துச் சொன்ன நேரம் அது. இன்றைய இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்தங்கியது. பையன் நம்பவில்லை. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாம் சார்" என்றான். செல்போன் அதற்கும் உதவுகிறது, அதை ஏன் திட்ட வேண்டும்?

ஸ்மார்ட் வாட்ச் கட்டியவர்களையும் நான் விடுவதில்லை. நாங்கள் காலையில் சாவி கொடுத்தோம், அவர்கள் ராத்திரியில் சார்ஜ் போடுகிறார்கள். ஒருவர் தன் இதயத் துடிப்பைக் காட்டினார், என் கையிலும் கட்டிப் பார்த்தார். எனக்கு 81. "டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு இறங்கினார். டைட்டன் கட்டியிருப்பவர்களிடம், ஓசூர் ஆலையில் டாடாவோடு தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் பங்காளி என்பதைச் சொல்வேன். பெயரிலேயே இருவரும் இருக்கிறார்கள்: டாடா இண்டஸ்ட்ரீஸுக்கு 'டை', தமிழ்நாட்டுக்கு 'டன்'. நான் பார்ப்பதில் பாதிக் கை டைட்டன்தான், ஆகவே இந்த ஒரு செய்தியை வைத்தே தாம்பரம் வரை ஓட்டிவிடலாம்.

கடிதம் நீண்டுவிட்டது. வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் குவைத்காரர் பகுதியில் கத்தரி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் எந்த ஊரில் இருந்தாலும் இதைப் படித்தால் ஆளைத் தெரிந்துகொள்வார்.

மதுரை வாசகர் தன் கடிதத்தில் தன் வயது, பார்த்த வேலை, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லாம் எழுதியிருந்தார். கையில் என்ன வாட்ச் என்று மட்டும் எழுதவில்லை. முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு,
பொன்மலை, திருச்சி.