அரையாண்டு லீவுக்கு முன்னாடி பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்ங்க.

அரையாண்டு பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. கோ-கோ, ஓவியம், பேச்சுப்போட்டின்னு எல்லாத்துலயும் பசங்க கலந்துகிட்டாங்க, பரிசும் வாங்கினாங்க, பத்தாவது பசங்க காலாண்டை விட இப்ப தேறியிருக்காங்க, காம்பவுண்ட் ஓரம் வெச்ச புங்கங்கன்னு எல்லாம் துளிர் விட்ருச்சு. எல்லாருக்கும் பாராட்டு. மார்க் விவரமெல்லாம் லீவு முடிஞ்சு கூட்டத்துல பேசிக்கலாம்.

இன்னொரு விஷயம் இருக்கு, அது கொஞ்சம் நீளும், பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம பெற்றோர் குரூப்ல ராத்திரி நடந்த பேச்சு உங்க எல்லாருக்குமே தெரியும். தெரியாதவங்களுக்காக சொல்றேன். பேச்சுப்போட்டிக்கு மேடை ஏறப்போன ஆறாவது பொண்ணு கை நடுங்கிட்டு நின்னிருக்கா, நம்ம இங்கிலீஷ் டீச்சர் முதுகுல தட்டி "பிரேக் எ லெக்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அவளும் நல்லா பேசிட்டு, சாயந்திரம் வீட்டுக்குப் போய் டீச்சர் இப்படி சொன்னாங்கன்னு சொல்ல, வீட்ல போன்ல போட்டுப் பாத்தா "காலை உடை"ன்னு வந்திருக்கு. அவ்ளோதான். பத்து மணிக்கு முதல் வாய்ஸ் மெசேஜ். காலைல நான் போனை எடுத்தா ஒருத்தர் டீச்சரை மாத்துங்கங்கறார், ஒருத்தர் தர்மபுரிக்கு போய் மனு குடுக்கலாம்ங்கறார், இன்னொருத்தர் எதையும் படிக்காம நடுவுல ரோஜாப்பூ போட்டு இனிய காலை வணக்கம் அனுப்பியிருக்கார்.

அந்தப் பொண்ணோட அப்பா மேல எனக்கு கோவம் இல்லீங்க. பெத்த பொண்ணு காலை ஒடைக்கச் சொன்னா யாருக்குத்தான் வயிறு எரியாது. ஆனா அது இங்கிலீஷ்ல வாழ்த்து. நாடகக்காரங்க, மேடை ஏறுறவங்க கிட்ட நேரா "நல்லா பண்ணு"ன்னு சொன்னா அது பலிக்காம போயிடும்னு ஒரு நம்பிக்கை, அதனால தலைகீழா சொல்றது. நாம புது வீடு கட்டறப்ப மீசை வெச்ச பொம்மையை மாட்டி வெக்கிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். டீச்சர் அந்தப் பொண்ணு நல்லா வரணும்னுதான் சொன்னாங்க.

இதுல போனையும் குத்தம் சொல்ல முடியாது, முன்ன பின்ன என்ன பேச்சுன்னு தெரியாம துண்டா ரெண்டு வார்த்தைய போட்டா அது துண்டாதான் சொல்லும். "அவன் எனக்கு அல்வா குடுத்துட்டான்"னு நாம சொன்னா யாரும் தட்டை எடுத்துட்டு வர்றதில்ல, ஏமாத்திட்டான்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதே மாதிரி இங்கிலீஷ்லயும் நூத்துக்கணக்குல இருக்கு, ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிஞ்சிருந்தாலும் மொத்தமா என்ன சொல்றாங்கன்னு தெரியாது. இது பரீட்சைக்கு மட்டும் இல்லீங்க. நம்ம ஸ்கூல்ல படிச்ச பையன் ஒருத்தன் ஓசூர்ல கம்பெனி வேலைக்கு போய், மேனேஜர் "த பால் இஸ் இன் யுவர் கோர்ட்"னு மெயில் போட்டதைப் பாத்து, தன் மேல கேஸ் போடப் போறாங்கன்னு பயந்து எனக்கு போன் பண்ணான். அது டென்னிஸ் கோர்ட்டுப்பா, பந்து உன் பக்கம் இருக்கு, இனி நீதான் அடிக்கணும், அதாவது அடுத்த முடிவு உன்னுதுன்னு சொன்னதுக்கப்புறம்தான் மூச்சே விட்டான். நம்ம பசங்கள்ல பாதிப்பேர் நாளைக்கு ஓசூருக்கோ பெங்களூருக்கோதான் போகப்போறாங்க, அங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க.

இதுக்காகத்தான் டீச்சர் வாரம் இந்த மாதிரி அஞ்சு சொல்தொடர் குடுத்து, அர்த்தம் எழுத தனி நோட்டு போடச் சொன்னாங்க. அந்த நோட்டுங்களை நான் உக்காந்து பாத்தேன். ஒரே வகுப்புல முக்கால்வாசி நோட்டுல ஒரே பதில், ஒரே தப்பு, எழுத்துப்பிழை கூட ஒண்ணு. "ஒன்ஸ் இன் எ புளூ மூன்" – "ஒருமுறை நீல நிலவில்". சிலதுல கையெழுத்தே புள்ளைங்களோடது இல்ல, நல்லா பழகின பெரியவங்க கையெழுத்து, கீழ கோடு வேற போட்டிருக்கு.

ஒரே ஒரு நோட்டு வேற மாதிரி இருந்துச்சு. எட்டாவது பொண்ணு, பென்சில்ல அழிச்சு அழிச்சு எழுதியிருக்கா: "ஆயா சொன்னாங்க, அத்தி பூத்தாப்புல." அந்த ஆயாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, மார்க்கெட்ல தக்காளி தரம் பிரிக்கிறவங்க. பேத்தி "எப்பவாவது அபூர்வமா நடக்கறதை நம்ம ஊர்ல எப்படி சொல்வாங்க"ன்னு கேட்டிருக்கா, அவங்க சொல்லிட்டாங்க. நான் பாத்ததுலயே சரியான பதில் அதுதான். ஒரே மாசத்துல ரெண்டு பௌர்ணமி வந்தா ரெண்டாவதைத்தான் புளூ மூன்னு சொல்றாங்க, சுமாரா ரெண்டரை வருஷத்துக்கு ஒருக்கா வரும், 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, நிலா ஒண்ணும் நீலமா இருக்காதுன்னு டீச்சர் அப்புறம் வகுப்புல சொல்லிக்குடுத்தாங்க.

கதையோட சொன்னா பசங்க மறக்கறதே இல்லீங்க. "டர்ன் எ பிளைன்ட் ஐ"க்கு நெல்சன் கதை சொன்னாங்க. 1801ல கோபன்ஹேகன் சண்டையில பின்வாங்கச் சொல்லி மேலதிகாரி கொடி காட்டுறார், நெல்சனுக்கு ஏற்கனவே ஒரு கண்ணுல பார்வை போயிருச்சு, அந்தக் கண்ணுல டெலஸ்கோப்பை வெச்சுக்கிட்டு எனக்கு எந்தக் கொடியும் தெரியலியேன்னாராம். கண்டும் காணாம இருக்கறதுன்னு பசங்களே அர்த்தம் சொல்லிட்டாங்க. "ஹாப்சன்ஸ் சாய்ஸ்" இன்னும் நல்ல கதை. ஹாப்சன்னு ஒருத்தர், 1631ல செத்துட்டார், கேம்பிரிட்ஜ்ல குதிரை வாடகைக்கு விட்டவர். எந்தக் குதிரை வேணும்னு கேக்கவே மாட்டார், கதவு பக்கத்துல நிக்கற குதிரைய எடு, இல்லன்னா நடையைக் கட்டு. இந்தக் கதை கேட்ட மறுநாளே ஒரு ஏழாவது வாலு சத்துணவு வரிசைல நின்னுகிட்டு "இன்னைக்கும் ஹாப்சன்ஸ் சாய்ஸ்டா"ன்னு கத்துறான். திட்டறதா சிரிக்கறதான்னு தெரியல, சமையல்காரம்மாவுக்கு புரியாத வரைக்கும் நல்லது.

அர்த்தம் மட்டும் தெரிஞ்சாலும் பத்தாது. ஒரு பையன் லீவு லெட்டர்ல "மை கிராண்ட்ஃபாதர் கிக்ட் த பக்கெட்"னு எழுதிட்டு வந்தான். போன் சொன்ன அர்த்தம் சரிதான், செத்துப்போறதுதான். ஆனா அது தாத்தா மண்டைய போட்டுட்டார்னு லெட்டர் எழுதற மாதிரி. எங்க சொல்லலாம், எங்க சொல்லக்கூடாதுங்கறதை டீச்சர்தான் சொல்லித்தர முடியும், அதுக்கு முதல்ல புள்ளை தானா எழுதி, தப்பு பண்ணி, கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

அதனால இப்ப கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். லீவு முடிஞ்சு வர்ற நாள்லருந்து பெரியவங்க கையெழுத்துல இருக்கற நோட்டை டீச்சர் திருத்த மாட்டாங்க, திருப்பிக் குடுத்துருவாங்க, அதுக்கு யாரும் கேள்வி கேக்க வேணாம். குரூப் அறிவிப்புக்கு மட்டும்தான். ராத்திரி எட்டுக்கு மேல வாய்ஸ் மெசேஜ் வரக்கூடாது, எந்த டீச்சர் பேரையும் அதுல இழுக்கக்கூடாது. இன்னொரு தடவை இப்படி நடந்தா அட்மின் மட்டும் பேசற மாதிரி பூட்டிருவேன். அந்த டீச்சர் மறுநாள் வகுப்புக்கு வந்து ஒரு வார்த்தை கூட கூடுதலா பேசாம புக்கை மட்டும் வாசிச்சுட்டு போனாங்க. நஷ்டம் யாருக்குன்னு பாத்துக்கங்க. டீச்சர் சொன்னது புரியலியா, மனசுக்கு கஷ்டமா இருக்கா, நேரா வாங்க. சாயந்திரம் மணி அடிச்சதுக்கப்புறம் அரைமணி நேரம் நான் ரூம்லதான் இருப்பேன். அப்பா வேலைக்கு போயிட்டா அம்மா வரலாம், ஆயா தாத்தா வந்தாலும் சரி.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரியலியேன்னு யாரும் கூச்சப்பட வேணாங்க, எங்களுக்கு வேண்டியது அது இல்ல. புள்ளை வந்து "கேரி கோல்ஸ் டு நியூகாசில்"னு முழிச்சா, ஏற்கனவே நிலக்கரி கொட்டிக்கெடந்த ஊருக்கே நிலக்கரி கொண்டு போறதாம்னு அது சொல்லட்டும், நீங்க கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதையைச் சொல்லுங்க. வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசறவங்க அந்த மொழியிலயே சொல்லுங்க, அதையும் நோட்டுல எழுதிக்கலாம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்.

அந்தப் பொண்ணோட அப்பா மறுநாளே ஸ்கூலுக்கு வந்து டீச்சர்கிட்ட பேசிட்டுப் போனார், கூப்பிடாமலே வந்தார், அதுக்கு அவருக்கு நன்றி. ராத்திரியே "எல்லாரும் காலைல பேசிக்கலாம், படுங்க"ன்னு குரூப்ல போட்ட அம்மாவுக்கும் நன்றி. நோட்டு, பேனா வாங்க முடியாத பசங்களுக்கு பேர் சொல்லாம வாங்கிக்குடுக்கற பெற்றோர்களுக்கு பெரிய நன்றி. லீவுல பசங்களை கிணத்துப் பக்கம் தனியா விடாதீங்க, ஒகேனக்கல் போறவங்க தண்ணிகிட்ட பாத்துக்கங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: ஆபீஸ் ரூம்ல பசங்க விட்டுட்டுப் போன ஸ்வெட்டரும் டிபன் பாக்ஸும் குவிஞ்சு கெடக்கு. ஒரு டிபன் பாக்ஸ்ல உள்ள ஏதோ இருக்கு, நாங்க தொறக்கல. சீக்கிரம் யாராவது வந்து எடுத்துட்டுப் போங்க.