மாசக் கடைசி வாரம்

டேய் மாப்ள,

முட்டி வலி எப்படி இருக்கு? நடக்குறியா இல்ல டிவி முன்னாடியே உக்காந்திருக்கியா?

போன லெட்டர்ல கேட்டியே, உதவிப்பணம் குடுத்தும் இல்லாதப்பட்டவங்க வீட்லயே சுகரும் பிரஷரும் ஏன் ஜாஸ்தி, காசு வந்ததும் கண்டதையும் வாங்கித் தின்னுடுறாங்களோன்னு. கோவம்தான் வந்துச்சு, ஆனா இந்த டயட் சார்ட் எழுதுற வேலைக்கு வந்த புதுசுல நானும் அதத்தான் பேசிட்டு திரிஞ்சேன்.

அப்போ ஒரு வயசான அம்மா வருவாங்க, மாத்திரையெல்லாம் கரெக்டா போடுவாங்க, ஆனா மாசக் கடைசியானா மயங்கி விழுந்துடுவாங்க. நோண்டி நோண்டி கேட்டதுக்கப்புறம்தான் சொன்னாங்க, பணம் ஒண்ணாந்தேதி வருது, இருவதுக்கு மேல ராத்திரி அடுப்பு கெடையாது, சுகர் மாத்திரைய வெறும் வயித்துல முழுங்கிட்டு படுத்துக்குவேன்னு. அவங்க கையில இருந்தது நான் எழுதுன சார்ட், தெனம் ரெண்டு பழம்னு போட்டிருக்கேன். வெக்கமா போச்சுடா.

இது அவங்க ஒருத்தர் கதையில்ல. கலிஃபோர்னியாவுல 2000-லருந்து 2008 வரைக்கும் ஆஸ்பத்திரி கணக்க எடுத்துப் பாத்திருக்காங்க, வருமானம் கம்மியான ஏரியா ஜனங்க ரத்தத்துல சுகர் ரொம்ப எறங்கி, லோ சுகராகி அட்மிட் ஆகுறது மாசத்தோட மொத வாரத்த விட கடைசி வாரத்துல 27 சதவீதம் ஜாஸ்தி. வசதியான ஏரியாவுல இந்த ஏத்தம் இல்ல.

கண்டதத் திங்குறாங்கன்னு சொல்றியே, இருக்குற காசுல நாலு வயிறு ரொம்பணும்னா மாவு, எண்ணெய், சர்க்கரைதான்டா கட்டுப்படியாகும், காய் பழம் வாங்குனா சீக்கிரம் பசிக்கும், ரெண்டு நாள்ல அழுகும், புள்ள புடிக்கலன்னு தட்டுல ஒதுக்கிட்டா அந்தக் காசும் போச்சு, மறுபடி வாங்க ஏது? 2022 கணக்குப்படி உலகத்துல சுமார் 280 கோடி பேருக்கு சத்தான சாப்பாடு வாங்க வசதி இல்லன்னு ஐநா அமைப்புகளே சொல்லுது.

அதுக்காக உதவி வீண்னு சொல்லல. அமெரிக்காவுல ஃபுட் ஸ்டாம்ப், அதான் இல்லாதவங்க சாப்பாட்டு சாமான் வாங்க அரசாங்கம் குடுக்குற உதவி, 1961-லருந்து 1975-க்குள்ள ஒவ்வொரு மாவட்டமா வந்துச்சு, அதனால முன்னாடி கெடைச்ச ஊர் புள்ளைங்களையும் லேட்டா கெடைச்ச ஊர் புள்ளைங்களையும் வளந்தப்புறம் ஒப்பிட முடிஞ்சுது. சின்ன வயசுலயே கெடைச்சவங்களுக்கு உடம்பு பருமன், பிரஷர், சுகர் சேந்து வர்ற தொல்லை கம்மி. முப்பது வருஷம் கழிச்சு தெரியுற லாபம், எந்த பட்ஜெட்ல காட்டுவாங்க சொல்லு!

மாச உதவிய ரெண்டு தவணையா பிரிச்சுக் குடுக்கலாம்னு சிலர் சொல்றாங்க, கொஞ்சம் உதவும்தான், ஆனா மொத்தமே பத்தாதப்போ பிரிச்சா மட்டும் கூடிடுமா?

அந்தம்மாவுக்கு டாக்டர்கிட்ட பேசி மாத்திரைய மாத்தியாச்சு. இப்பல்லாம் யார் வந்தாலும் சார்ட் எடுக்குறதுக்கு முன்னாடி கடைசி வாரம் எப்படிப் போகுதுன்னுதான் கேக்குறேன், பாதிப் பேரு தரையப் பாக்குறாங்க.

உன் பதில எதிர்பாக்குறேன், சண்டை போட்டு எழுது.

உன் பழைய ரூம்மேட்