உள்தையல் போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

இங்கிலாந்தின் ரோச்செஸ்டரில், எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் பெயரில் நடக்கும் விழாவில் நானே தைத்து உடுத்தியிருந்த 1860களின் ஆங்கிலேயப் பெண்கள் பகல் உடையைப் பார்த்துப் பலரும் பாராட்டினீர்கள். படங்கள் எங்கெங்கோ சுற்றி, நாகர்கோவிலில் என் பள்ளித்தோழியின் மாமியார் வரை போய்விட்டன. படத்தில் நிற்பது நான் ஒருத்திதான். அந்தத் துணிக்குள் யார் யாருடைய கை இருக்கிறது என்று சொல்லாமல் பாராட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை.

முதல் நன்றி கில்லிங்காம் ஊரில் இருக்கும் அக்காவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டு முன்னறையில் சேலை ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். தன் முதுகுக்குத் தானே அளவு பார்க்க யாராலும் முடியாது. இந்தத் தையலில் ஆசைப்பட்டு இறங்குபவர்கள் பாதி வழியில் நிற்பதே அந்த இடத்தில்தான். காடாத் துணியில் வெட்டிய மாதிரியை என் மேல் போட்டுக் குண்டூசி குத்திக்கொண்டே, "மூச்சைப் பிடிக்காதையும் பிள்ளை, சும்மா நில்லும்" என்று அதட்டியபடி அக்கா அதைச் சரிசெய்தார். அந்தக் காலத்து மேலாடைக்கும் நம் ஜாக்கெட்டுக்கும் உறவு உண்டு. இரண்டும் உடம்போடு ஒட்டி நிற்பவை. இரண்டிலும் முன்பக்கம் டார்ட் எனும் பிடிப்புத் தையல், உள்ளே லைனிங், நடுவில் கொக்கி. அதனால் மார்பும் இடுப்பும் அக்காவுக்கு உடனே பிடிபட்டன.

சண்டை தோளில் வந்தது. 1860களில் தோள் தையல் தோளின் உச்சியில் இருக்காது, முதுகுப்பக்கமாகச் சரிந்து இறங்கும். கை தொடங்கும் இடமும் தோள் எலும்பைத் தாண்டிக் கீழே போய்விடும். "இது பிழையான வெட்டு" என்று அக்கா கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். பழைய புகைப்படங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவையளைக் கையைத் தூக்கவே விடேல்லைப் போல" என்றார். அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த அருங்காட்சியகத்திலும் நான் வாசித்ததில்லை. வெட்டை அப்படியே விட்டார். நானும் அன்று முழுக்கக் கையைத் தூக்கவில்லை.

உடம்பை இறுக்கிப் பிடிக்கும் நாடா வைத்த உள்ளாடையான கார்செட்டைத் தைக்கச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலேயப் பெரியவருக்கு இந்த மடலை அவருடைய மொழியிலும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நூலகத்தில் கூடும் தையல் குழுவில் மூத்தவர் அவர். கார்செட் என்றதும் நம்மவர்களுக்கு மூச்சு முட்டி மயங்கி விழும் சீமாட்டிதான் ஞாபகம் வருகிறாள். இறுக்கிக் கட்டியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதன் அன்றாட வேலை வேறு. பாவாடை, உள்பாவாடை, பாவாடையை விரித்து நிறுத்தும் எஃகு வளையக் கூண்டு எல்லாவற்றின் நாடாவும் இடுப்பில்தான் வந்து முடியும். கார்செட் இல்லாவிட்டால் அவை இடுப்புச் சதையை அறுக்கும். இருந்தால் பாரம் உடம்பு முழுக்கப் பரவிவிடும். நாடா போகும் துளையைக் கத்தரியால் வெட்டாமல், கூரான குத்தூசியால் இழைகளை விலக்கி, சுற்றிலும் தைத்து எடுக்க வேண்டும் என்று அவர்தான் காட்டினார். இழை அறாததால் துளை கிழிவதில்லை. அப்போது உலோக வளையம் வைத்த கார்செட்டுகளே நிறைய. கையால் தைத்தே தீர வேண்டும் என்று நின்றது என் பிடிவாதம். அதற்குப் பொறுமை கொடுத்தது அவர்.

உள்சட்டையும் காலுறையும் காலணியும் முதலில், கார்செட் பிறகு என்ற வரிசையும் அவர் பாடம்தான். கார்செட் ஏறிய பின் குனிந்து காலணிக் கயிறு கட்டிப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

கூண்டுக்கு வருகிறேன். எதிர்வீட்டுத் தம்பி இயந்திரப் பொறியியல் படிக்கிறான். எஃகுப் பட்டைகளை அளவாக வெட்டி, துணியைக் கிழிக்காதபடி முனைகளுக்கு மூடி போட்டுக் கொடுத்தான். 1856இல் எஃகு வளையக் கூண்டுக்குக் காப்புரிமை வாங்கப்படும்வரை, பாவாடை விரிந்து நிற்க ஒன்றன்மேல் ஒன்றாகக் கஞ்சி போட்ட உள்பாவாடைகளையும் குதிரைமுடி கலந்த முரட்டுத் துணியையும் பெண்கள் சுமந்தார்கள். அந்தப் பாரத்தைக் குறைத்தது இந்தக் கூண்டு. கேலிச்சித்திரம் போட்ட ஆண்கள் அதைச் சொல்லவில்லை. உட்காரும்போது வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கி ஒதுங்கும் அழகைப் பார்த்துவிட்டுத் தம்பி, "அக்கா, இது நல்ல டிசைன்" என்றான். அவனுடைய பேராசிரியர்கள் இதை ஒரு வகுப்பாக எடுக்கலாம்.

பாவாடை நீளத்தை அந்தக் காலத்தில் கீழே சரிசெய்ய மாட்டார்கள். ஓரம் நேராகவே இருக்கும். கூண்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மேல்விளிம்பைக் கூடக்குறைய உள்ளே மடித்து, பிறகு கொசுவி இடுப்புப்பட்டியில் தைப்பார்கள். அதற்காக என்னைச் சுற்றிச் சுற்றித் தரையிலிருந்து இடுப்புவரை அளந்து குறித்தவர் வீட்டுக்காரர். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தபோது அதைச் செய்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நெடுந்தையல்களுக்குக் கைச்சக்கர சிங்கர் மிஷினை இரவல் தந்த தோழிக்கும் நன்றி. மிஷின் பட்டால் தீட்டு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எலியாஸ் ஹோவ் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846இல், சிங்கர் 1851இல். 1860களின் உடைகளில் பாவாடையின் நீளத் தையல் மிஷினில் ஓடியிருப்பதும், மற்றதெல்லாம் கையால் தைத்திருப்பதும் சர்வசாதாரணம்.

நான் நேரில் சந்திக்க வாய்க்காத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். உடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் ஆர்னால்ட் 1998இல் மறைந்துவிட்டார். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய உடைகளை உள்ளும் புறமும் அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டங்களுக்குள் வரைந்து வைத்துவிட்டுப் போனார். என்னைப் போன்றவர்கள் ஊகிக்காமல் வெட்ட முடிவது அவரால்தான். கிழக்கு லண்டனில் 2025இல் திறந்த விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகக் கிடங்கின் ஊழியர்களுக்கும் வணக்கம். அங்கே முன்கூட்டியே பதிவு செய்தால், கேட்ட பொருளை எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. ஒரு மேலாடையின் உட்புறத்தைப் பார்க்கத்தான் போனேன். வெளியே அத்தனை நேர்த்தி. கழுத்திலும் கைக்குழியிலும் குறுக்காக வெட்டிய கிராஸ் துணியில் நூல் வைத்துத் தைத்த, தீக்குச்சி கனம்கூட இல்லாத பைப்பிங் விளிம்பு. உள்ளே புரட்டினால் அவசரம். பிசிறு பிரியாமலிருக்க அள்ளிப்போட்ட தையல், பெரிதும் சிறிதுமாக. அக்குளில் வியர்வைக் கறை.

அந்த அவசரம் யாருடையது என்று தேடியபோதுதான் மேரி ஆன் வாக்லி என்ற தையல்காரப் பெண்ணைத் தெரிந்துகொண்டேன். 1863 ஜூன், லண்டன். புதிதாக வந்த வேல்ஸ் இளவரசிக்காக நடக்கும் நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடைகள் முடிந்தாக வேண்டும். 26½ மணி நேரம் இடைவிடாமல் வேலை. முப்பது பெண்கள் ஒரே அறையில். வெள்ளிக்கிழமை நோயில் விழுந்தாள், ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள். வயது 20. பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டதால் அவள் பெயர் நமக்குக் கிடைத்தது. அவளுக்கு நன்றி என்று எழுத வாய் வரவில்லை. நான் இதே தையலைத் தேநீர் குடித்துக்கொண்டு, ஜன்னலோரத்தில், பிடித்தால் தைத்து பிடிக்காவிட்டால் எடுத்து வைத்துச் செய்தேன். இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு "அந்தக் காலம் எவ்வளவு அழகு" என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. உடை அழகுதான். காலத்தைப் பற்றி நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

"நம்மை ஆண்டவர்களின் உடுப்பு உனக்கு எதற்கு?" என்று கேட்ட, சங்கத்தில் எல்லோரும் சார் என்று அழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் நன்றி, கிண்டலாக அல்ல. கேட்டுவிட்டுப் போகாமல், அடுத்த வாரமே பதிலின் ஒரு பகுதியை அவரே கொண்டுவந்தார். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது அறுந்து, இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகள் பட்டினி கிடந்தபோது, இந்தியப் பருத்தியைத்தான் அள்ளினார்கள். நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு அந்தச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது; தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. "அப்போ அந்தத் துணியில நம்ம ஊர் பஞ்சும் இருந்திருக்கும்லா?" என்றார் சார். கேள்வி அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. தேர்ந்தெடுத்த துணி பருத்திதான் என்பது மட்டும் அன்றே முடிவானது.

விழாத் தெருவில் அதே கேள்விக்கு இன்னொரு பதில் கிடைத்தது. என்னைப் போலவே கூண்டு உடை அணிந்து வந்த ஆப்பிரிக்க வம்சாவளிச் சகோதரி ஒருவர், தன் கைப்பையிலிருந்து சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டாவின் படத்தை எடுத்துக் காட்டினார். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, விக்டோரியா அரசியின் ஞானமகளாக வளர்ந்து, 1862 ஆகஸ்டில் பிரைட்டனில் திருமணம் செய்துகொண்டவர் சாரா. அதே ஆண்டு புகைப்படக் கலைஞர் காமில் சில்வி எடுத்த படத்தில் முழு விரிந்த பாவாடையோடு நிமிர்ந்து நிற்கிறார். "யாராவது நம்மை வேஷம் என்று சொன்னால் இதைக் காட்டு" என்று அந்தப் பிரதியை எனக்கே கொடுத்துவிட்டார். பெயர் கேட்பதற்குள் கூட்டம் பிரித்துவிட்டது. இதைப் படித்தால் தொடர்புகொள்ளுங்கள்.

கடைசியாகக் கழுத்துப்பட்டி. எல்லோரும் கிட்டே வந்து பார்த்தது அதைத்தான். அக்காலத்தில் கழுத்துப்பட்டியும் மணிக்கட்டுப் பட்டியும் உடையோடு சேர்ந்தவை அல்ல. வெள்ளையில் தனியாகச் செய்து, நூலோட்டி, அழுக்கானால் பிரித்து வெளுப்பார்கள். என்னுடையது நாகர்கோவில் பெரியம்மா பின்னியது. 1820களில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குத் தலையணையில் குண்டூசி நட்டுக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். விற்ற காசு பள்ளிக்கு உதவியது. பெரியம்மா கோயில் மகளிர் சங்கத்தில் படித்தது அந்த வழியில் வந்த கைவேலைதான். "மக்களே, கழுத்தளவு மட்டும் செரியாச் சொல்லு" என்று போனில் கேட்டதோடு சரி. விமானத்தில் வந்த ஒருவரின் பெட்டியில், மரச்சீனிக் கிழங்கு வற்றலுக்கும் மிக்சருக்கும் நடுவே பத்திரமாக வந்து சேர்ந்தது.

இனி நடைமுறை. கூண்டும் கார்செட்டும் எதிர்வீட்டுத் தம்பியின் கார் கொட்டகையில் இருக்கின்றன, எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. கூண்டு இரவல் வேண்டுவோர் கேட்கலாம். கார்செட் வேறு யார் உடம்புக்கும் பொருந்தாது, அளவுகளைக் குறித்த மாதிரித் தாளைத் தருகிறேன். அடுத்ததாக 1870களின் பின்பக்கம் தூக்கிய பாவாடை. அதற்குக் கில்லிங்காம் அக்கா சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: இம்முறை அவருக்கும் ஒன்று தைக்க வேண்டும். முதுகுக்கு அளவு எடுக்கப் போவது நான்.

நன்றியுடன்,
ரோச்செஸ்டரிலிருந்து, உங்கள் தையல்காரி