கக்கன் ஐயாவின் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

மேலூர் வட்டாரத்துப் பெரியவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 18, கக்கன் ஐயாவின் பிறந்த நாள். அதையொட்டி எங்கள் பள்ளியில் வைத்த படக் கண்காட்சி உங்கள் தயவால் நல்லபடியாக முடிந்தது.

கக்கன் என்றதும், அமைச்சராக இருந்தவர் கடைசிக் காலத்தில் மதுரைப் பெரியாஸ்பத்திரியின் பொது வார்டில் கிடந்ததைச் சொல்லிக் கண்கலங்குவோம். அதோடு பேச்சு நின்றுவிடுகிறதே என்ற ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர், தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939-இல் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தவர், நாட்டின் அரசியலமைப்பை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர், 1952-இல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனவர், பிறகு 1967 வரை மாநில அமைச்சர். ஏறத்தாழ இருபது ஆண்டு அவை வாழ்க்கை. அதைப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பழைய நூல்களைத் தேடி எடுத்துத் தந்த நூலகர் அம்மாவுக்கு முதல் நன்றி. 1999-இல் வெளிவந்த கக்கன் தபால்தலையைக் கசங்காமல் நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயாவுக்கும், மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வாடகை வாங்காமல் வேன் ஓட்டிய தம்பிக்கும் நன்றி.

வக்கீல் ஐயாவைத் தனியே சொல்ல வேண்டும். முதல் மக்களவைப் பட்டியலைப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “மதுரைக்கு மட்டும் ஏன் ஐயா இரண்டு பேர்?” என்று கேட்டாள். எழுபது வயதைக் கடந்த அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்து, சாக்பீஸால் வரிசையாகப் பெட்டிகள் வரைந்தார். அன்று வேட்பாளருக்கு ஒரு வாக்குப் பெட்டி. மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி என்பதால் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டு இடங்களில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. இந்த இரட்டை உறுப்பினர் முறை 1961-இல் சட்டம் போட்டு எடுக்கப்பட்டது. மதுரை மட்டுமல்ல, இன்னும் பல தொகுதிகள் அப்படி இருந்தன என்றும் திருத்தினார். பிள்ளைகள் காகிதத் துண்டுகளைக் கிழித்து அந்தப் பெட்டிகளில் ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மதிய மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. நான் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை, ஐயா.

குடும்பப் படங்களை நம்பித் தந்தவர்களுக்கு: எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பெயரெழுதிய உறைகளில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளியில் இருப்பேன். வர முடியாத பெரியவர்கள் அலைய வேண்டாம். நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
சமூக அறிவியல் ஆசிரியர்